இரும்புச்சத்து மாத்திரையோட வைட்டமின் சி தனியா போடணுமா?

வண்டிப்பாளையம்_வாசி (கடலூர்)

வீட்டில் ரெண்டு பேர் இரும்புச்சத்து மாத்திரை எடுக்கிறாங்க. ரெண்டும் வேற வேற மாத்திரை, அதான் குழப்பம்.

மனைவிக்கு வயசு 36. ஹீமோகுளோபின் 9.3, எம்.சி.வி. (சிவப்பணுவோட சராசரி அளவு) 71, ஃபெரிட்டின் (உடம்புல இரும்புச் சேமிப்பைக் காட்டுறது) 8. டாக்டர் எழுதினது ஃபெரஸ் அஸ்கார்பேட் 100 மி.கி., கூட ஃபோலிக் ஆசிட் 1.5 மி.கி. தினம் ஒண்ணு. "இதோட லிம்சி 500 ஒண்ணு சப்பிக்கிட்டாத்தான் ரத்தத்துல ஏறும்"னு மருந்துக் கடையில் அந்த வைட்டமின் சி மாத்திரையையும் ஒரு அட்டை கொடுத்தாங்க. காலையில் வெறும் வயித்துல தைராய்டு மாத்திரையும் போடுறாங்க. எழுந்ததும் காபி இல்லாம முடியாது.

தங்கச்சி பாகூர்ல இருக்கா, 5 மாசம். ஹீமோகுளோபின் 10.4. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த சிவப்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ராத்திரி சாப்பிட்ட கையோட ஒண்ணாப் போட்டுட்டு, மேல ஒரு டம்ளர் எலுமிச்சை ஜூஸ் குடிக்கிறா. வைட்டமின் சி இருக்கே, சரியாயிடும்னு சொல்றா.

என் கேள்வி: வைட்டமின் சி மாத்திரை தனியா தேவையா? எலுமிச்சை போதுமா? எந்த நேரத்துல எதைப் போடணும்?

மருந்தாளுநர்_திருப்பாதிரிப்புலியூர்

உங்க மனைவிக்குத் தேவையில்லை. அட்டையைத் திருப்பிப் பாருங்க, விடை அங்கேயே இருக்கு.

ஃபெரஸ் அஸ்கார்பேட் என்பதே இரும்பும் வைட்டமின் சி-யும் சேர்ந்த உப்புதான். ஒரு இரும்பு அணுவுக்கு இரண்டு அஸ்கார்பேட். மாத்திரையில் இரும்பு 100 மி.கி. என்றால், கணக்குப்படி கூட இருக்கும் அஸ்கார்பேட் மட்டும் 600 மி.கி.-யைத் தாண்டும். அதன் மேல் இன்னொரு 500 மி.கி. சப்பினால் பெரும்பகுதி சிறுநீரில் போகும். ஒரே வேளையில் 200 மி.கி.-க்கு மேல் போகப் போக, உடம்பு ஏற்கும் விகிதம் குறைந்துகொண்டே வரும்.

மற்ற உப்புகளில் வைட்டமின் சி கிடையாது. அங்கே பார்க்க வேண்டியது 'எலிமெண்டல் அயர்ன்', அதாவது உப்பில் உள்ள இரும்பு மட்டும், எவ்வளவு என்பது. உலர்த்திய ஃபெரஸ் சல்ஃபேட் 200 மி.கி. மாத்திரையில் இரும்பு சுமார் 65 மி.கி. ஃபெரஸ் ஃப்யூமரேட்டில் எடையில் மூன்றில் ஒரு பங்கு இரும்பு, ஃபெரஸ் குளுக்கோனேட்டில் எட்டில் ஒரு பங்குதான். "300 மி.கி. போடுகிறேன், ஏறவே இல்லை" என்று வருகிறவர்களில் சிலர் கையில் இருப்பது குளுக்கோனேட், உண்மையில் அவர்கள் விழுங்குவது 35 மி.கி. இரும்பு. அங்கே குறை வைட்டமின் சி-யில் இல்லை, அளவில்.

அயர்ன் பாலிமால்டோஸ் வேறு கணக்கு. அது ஃபெரிக் வடிவ இரும்பு, சாப்பாட்டோடு எடுக்கும்படி செய்தது. வெறும் வயிறு, எலுமிச்சை என்ற சடங்கெல்லாம் அதற்கு வேண்டாம்.

சல்ஃபேட், ஃப்யூமரேட் எடுப்பவர்களுக்காவது தனியாக வைட்டமின் சி மாத்திரை வேண்டுமா? 2020-ல் வெளியான சீன ஆய்வு ஒன்று இதையே நேராகச் சோதித்தது. இரும்புக் குறைபாட்டு ரத்தசோகை உள்ள 440 பேர். பாதிப் பேருக்கு 100 மி.கி. இரும்பு மாத்திரை எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. மீதிப் பேருக்கு அதே மாத்திரையோடு ஒவ்வொரு முறையும் 200 மி.கி. வைட்டமின் சி. இரண்டு வாரம் கழித்து ஹீமோகுளோபின் ஏறியது, சி சேர்த்தவர்களுக்கு 2.00 கிராம், சேர்க்காதவர்களுக்கு 1.84 கிராம். மருத்துவக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான் என்பது முடிவு. பக்க விளைவுகளிலும் வித்தியாசம் இல்லை.

நெல்லிக்குப்பம்_நண்பன்

சார், வைட்டமின் சி இரும்பை உறிஞ்ச உதவும்னு பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கே? அது பொய்யா?

உணவியல்_முத்தியால்பேட்டை

பொய்யில்லை. அந்தப் பாடம் முக்கியமாகச் சாப்பாட்டுக்கு. அதை அப்படியே மாத்திரைக்குத் தூக்கிப் போடுவதில்தான் கோளாறு.

கீரை, கேழ்வரகு, பருப்பில் இருக்கும் இரும்பு பெரும்பாலும் ஃபெரிக் வடிவம். முன்சிறுகுடலில் அமிலத்தன்மை குறைந்ததும் அது கரையாமல் படிந்துவிடும். தானியத்தில் உள்ள ஃபைடேட் என்ற பொருளும் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வைட்டமின் சி இரண்டு வேலை செய்கிறது: ஃபெரிக்கை ஃபெரஸாக மாற்றுகிறது, மாற்றியதைப் படியவிடாமல் கரைசலிலேயே தாங்கி நிற்கிறது. குடல் சுவரில் இரும்பை உள்ளே எடுக்கும் கடத்தி ஏற்பது ஃபெரஸை மட்டும்தான். அதனால் கீரையின் மேல் பிழியும் எலுமிச்சைக்கு நிஜமாகவே வேலை உண்டு. மாத்திரையோ ஏற்கெனவே ஃபெரஸ், அளவும் சாப்பாட்டில் வருவதைப் போலப் பல மடங்கு. அங்கே வைட்டமின் சி-க்குச் செய்ய மிச்சம் கொஞ்சம்தான்.

கொஞ்சம் என்றாலும் பூச்சியம் இல்லை. இரும்புக் குறைபாடுள்ள பெண்களுக்கு 100 மி.கி. இரும்பு கொடுத்து 2023-ல் அளந்து பார்த்தார்கள். 80 மி.கி. வைட்டமின் சி சேர்த்தபோது உறிஞ்சுவது 30 சதவீதம் கூடியது. 500 மி.கி. கொடுத்தபோது அதற்கு மேல் ஒன்றும் கூடவில்லை. ஆகவே சேர்ப்பதானால் அரைக் கொய்யா போதும், 500 மாத்திரை வீண். ஒரு வேளை உறிஞ்சலில் 30 சதவீதம் கூடியும் வாரக்கணக்கில் ஹீமோகுளோபினில் அது தெரியாமல் போகிறதே என்றால், மேலே சொன்ன சீன ஆய்வில் ஒரு நாளைக்கு மூன்று இரும்பு மாத்திரை போனது. குடல் வாசலில் அவ்வளவு வந்து நிற்கும்போது கூட்டுவதால் என்ன ஆகப்போகிறது?

அதே 2023 ஆய்வில் இதைவிடப் பெரிய சேதி இருக்கிறது. காபியோடு மாத்திரை எடுத்தபோது உறிஞ்சுவது 54 சதவீதம் குறைந்தது. காபியும் காலை உணவுமாகச் சேர்த்து எடுத்தபோது, அந்த உணவில் ஆரஞ்சு ஜூஸ் இருந்தும், 66 சதவீதம் குறைந்தது. காலையில் எடுப்பதை மதியத்துக்கு மேல் எடுத்தபோது 37 சதவீதம் குறைந்தது. ஜூஸ் குடித்தால் காபியின் வேலை சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் இந்த 66-ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

காபி எப்போது குடிக்கலாம் என்பதற்கும் பழைய அளவீடு ஒன்று உண்டு. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்த காபி இரும்பைத் தொடவில்லை. ஒரு மணி நேரம் பின்னால் குடித்தது, கூடவே குடித்ததைப் போலவே கெடுத்தது. எனவே காபியை முதலில் முடித்துவிடுவது நல்லது. டீ இன்னும் மோசம்.

இனி எலுமிச்சை. ஒரு பழத்தில் 30 மி.லி. சாறு வந்தால் அதில் வைட்டமின் சி 12 முதல் 15 மி.கி. ஒரு டம்ளர் ஜூஸ் என்பது பெரும்பாலும் தண்ணீரும் சர்க்கரையும்தான். 80 மி.கி. எட்ட ஐந்தாறு பழம் பிழிய வேண்டும். கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மி.கி.-க்கு மேல், அதாவது நடுத்தரப் பழத்தில் பாதி கொடுப்பதே 100-ஐ ஒட்டி வரும். பெருநெல்லியிலும் கிட்டத்தட்ட அதே அளவு. ஒரு காயில் 60, 70 மி.கி. எதிர்பார்க்கலாம். தேன் நெல்லியிலும் வேகவைத்துப் போட்ட ஊறுகாயிலும் பாதிக்கு மேல் போயிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடும் காற்றும் வைட்டமின் சி-க்கு ஆகாது. சமைக்கிற கீரைக்கும் இதே கதை. அடுப்பை அணைத்து இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபிறகு எலுமிச்சை பிழியுங்கள்.

நம் பக்கத்துச் சரக்கு ஒன்றை விட்டுவிடக் கூடாது. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் பங்குனி, சித்திரையில் கொட்டையைத் திருகிக்கொண்டு தோப்பிலேயே குவித்துப் போடும் முந்திரிப் பழத்தில் வைட்டமின் சி 100 கிராமுக்கு 200 மி.கி. அளவில் இருக்கிறது. கேட்கச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் கடித்ததும் நாக்கைப் பிடித்து இழுத்துத் தொண்டையில் காருமே, அது டேனின். டீயில் இரும்பைப் பிடித்துக்கொள்வதும் டேனின் போன்றவைதான். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கும் பழம். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் காரல் குறையும். தாராளமாகச் சாப்பிடுங்கள், மாத்திரை விழுங்கும் நேரத்தில் மட்டும் வேண்டாம். பலாச்சுளையில் சி குறைவு. புளியில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆனால் புளியிலுள்ள டார்டாரிக் அமிலமே சாப்பாட்டு இரும்பைக் கரைக்க ஓரளவு உதவும், ஆகவே கீரைப் புளிக்கடைசலில் தவறில்லை. மீன் குழம்பு இன்னும் மேல், மீன் சதை கூட வரும் காய்கறி இரும்பையும் ஏற்க வைக்கும்.

தங்கை கேழ்வரகுக் கூழ் குடிப்பவரானால் குடிக்கட்டும். மாத்திரையிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி.

சுகாதார_செவிலியர்

தங்கச்சி விஷயத்துக்கு வர்றேன். எலுமிச்சை ஜூஸ் இங்க பிரச்சினையே இல்ல. கால்சியத்தையும் சிவப்பு மாத்திரையையும் ஒண்ணா விழுங்கறதுதான் பிரச்சினை. ரெண்டுக்கும் நடுவுல குறைஞ்சது 2 மணி நேரம் இடைவெளி வேணும்னு கர்ப்பிணிகளுக்குச் சொல்லித்தான் கொடுக்கறோம். கால்சியம் கூட இருந்தா இரும்பு உள்ள போறது குறையும், எலுமிச்சையால அதை ஈடுகட்ட முடியாது.

கால்சியம் 500 மி.கி. ஒரு நாளைக்கு ரெண்டு, சாப்பாட்டோட போடறது. காலை டிபனுக்கு ஒண்ணு, ராத்திரி சாப்பாட்டுக்கு ஒண்ணு வச்சுக்கச் சொல்லுங்க. சிவப்பு மாத்திரை மதியச் சாப்பாடு முடிஞ்சு 2 மணி நேரம் கழிச்சு, சுமார் மூணரை மணிக்கு. கூட வெறும் தண்ணி, பக்கத்துல ரெண்டு துண்டு கொய்யா. டீ வேணும்னா அஞ்சு, அஞ்சரைக்குத் தள்ளிக்கணும். மோரும் பாலும் அந்த நேரத்துல வேண்டாம். மேல காலையில எடுக்கறது நல்லதுன்னு சொன்னாங்க, சரிதான். ஆனா அஞ்சாம் மாசத்துல காலையில வெறும் வயித்துல போட்டுக் குமட்டி வாந்தி எடுத்தா மாத்திரையே வீண். தினம் வயித்துல தங்கற நேரம் எதுவோ அதுதான் அவளுக்கு நல்ல நேரம்.

அடுத்தது அளவு. சிவப்பு மாத்திரையில இரும்பு 60 மி.கி., ஃபோலிக் ஆசிட் 500 மைக்ரோகிராம். ரத்தசோகை இல்லாத கர்ப்பிணிக்கு நாலாவது மாசத்துலேர்ந்து தினம் ஒண்ணு, 180 நாள். பிரசவத்துக்கு அப்புறமும் 180 நாள். கர்ப்பத்துல ஹீமோகுளோபின் 11-க்குக் கீழ போனா அது ரத்தசோகை. 7-லிருந்து 10.9 வரைக்கும் ஒரு நாளைக்கு ரெண்டு மாத்திரைங்கறது மத்திய அரசோட ரத்தசோகை ஒழிப்புத் திட்டமான அனீமியா முக்த் பாரத் வழிமுறை. தங்கச்சிக்கு 10.4. அவ ஒண்ணுதான் போடறாளா, ரெண்டான்னு நீங்க எழுதல. ஒண்ணுதான்னா, அடுத்த வாட்டி போறப்ப அட்டையைக் காட்டி இதைக் கேட்கச் சொல்லுங்க. ரெண்டும் ஒரே வேளையில வேண்டாம். ஒரு மாசத்துல 1 கிராம்கூட ஏறலைன்னா அங்கேயே காத்துக்கிட்டு இருக்காம பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்.

இன்னொண்ணு, அடிக்கடி பார்க்கறது. சுகாதார நிலையத்துல சிவப்பு மாத்திரை, தனியார்ல காட்டினப்ப எழுதின அஸ்கார்பேட் மாத்திரை, மேல ஒரு இரும்பு டானிக், மூணும் ஒரே ஆள் சாப்பிடுவாங்க. ஒவ்வொண்ணும் வேற பேர்ல இருக்கறதால தெரியறதில்ல. மலச்சிக்கலும் வயித்து எரிச்சலும் தாங்காம கடைசியில மூணையும் நிறுத்திடுவாங்க. ஒண்ணைத் தொடர்ந்து போடறது மூணை நிறுத்தறதைவிட நல்லது.

வண்டிப்பாளையம்_வாசி

நன்றி. தங்கச்சி ஒண்ணுதான் போடுறா, கேட்கச் சொல்லிட்டேன். மனைவிக்கு தைராய்டு மாத்திரை காலை 6 மணிக்கு. அப்புறம் நெஞ்செரிச்சலுக்கு பான்டோபிரசோல் அப்பப்ப போடுறாங்க. மாதவிடாய்ல ரத்தப்போக்கு அதிகம், அதுக்கும் பார்த்துக்கிட்டு இருக்கோம். அடுத்த வாரம் மலத்தில் மறைந்திருக்கும் ரத்தம் இருக்கான்னு டெஸ்ட் எழுதியிருக்காங்க. லிம்சி ஏற்கெனவே ஒரு வாரமா சப்புறாங்க, அதனால ஏதாவது கெடுதலா?

மருந்தாளுநர்_திருப்பாதிரிப்புலியூர்

தைராய்டு மாத்திரையும் இரும்பும் குடலில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். நஷ்டம் தைராய்டு மாத்திரைக்கு. 4 மணி நேரம் இடைவெளி விடுங்கள். 6 மணிக்குத் தைராய்டு, 7-க்குக் காபி, எட்டு எட்டரைக்கு டிபன், பத்தரை முதல் 11-க்குள் இரும்பு, ஒரு மணிக்குச் சாப்பாடு. இரும்பு ஆரம்பித்து ஆறேழு வாரத்தில் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாடிக் நடுவில் எழுதினால், இரும்பு எடுப்பதை அந்த டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அதையும் இரும்பு கட்டிப்போடும்.

பான்டோபிரசோல் வயிற்று அமிலத்தைக் குறைப்பதால் இரும்பு கரைவதும் குறையும். வைட்டமின் சி-க்கு ஓரளவு நியாயம் இருக்கும் இடம் என்றால் இதுதான். ஆனால் அவர் மாத்திரையில் அது ஏற்கெனவே இருக்கிறது. நெஞ்செரிச்சல் மாத்திரை தினமும் தேவைதானா என்று கேட்டு, முடிந்தால் குறைப்பதில் பலன் அதிகம்.

தினமும் போடுவதற்குப் பதில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பதையும் டாக்டரிடம் கேட்கலாம். 60 மி.கி. இரும்பு போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற சுரப்பைக் கூட்டும். அது கிட்டத்தட்ட ஒரு நாளைக்குக் குடல் கதவைப் பாதி சாத்திவைக்கும். 2017 ஆய்வு ஒன்றில் அதே எண்ணிக்கை மாத்திரையைத் தினமும் எடுத்தவர்கள் மொத்தம் 131 மி.கி. இரும்பை உறிஞ்சினார்கள், ஒரு நாள் விட்டு எடுத்தவர்கள் 175 மி.கி. வயிற்று உபாதையும் குறையும். ஆனால் அவர்கள் ரத்தசோகை வராத, இரும்பு மட்டும் குறைந்த பெண்கள். 9.3-ல் இருப்பவருக்கு எது வேகமாக ஏற்றும் என்பதை டாக்டர் சொல்லட்டும். கர்ப்பிணிகள் இதைத் தாமாகச் செய்யக் கூடாது.

லிம்சியால் ஒரு வாரத்தில் பெரிய கெடுதல் இல்லை. சிறுநீரகக் கல் வந்தவர்கள் மட்டும் தினசரி 500, 1000 என்று போக வேண்டாம், வைட்டமின் சி-யில் ஒரு பகுதி ஆக்சலேட்டாக மாறும்.

ரத்தப்பரிசோதனை_புதுவை

அந்த மலப் பரிசோதனைக்கு லிம்சியை இப்போதே நிறுத்துங்கள். அட்டையில் மலம் தடவி நீல நிறம் வருகிறதா என்று பார்க்கும் குவாயக் முறையில், தினம் 250 மி.கி.-க்கு மேல் வைட்டமின் சி போனால் ரத்தம் இருந்தும் இல்லை என்று வரும். குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். மருந்தாளுநர் சொன்ன கணக்கைப் பார்த்தால் அஸ்கார்பேட் மாத்திரையும் இதில் சேரும். அதையும் நிறுத்த வேண்டுமா என்று எழுதிய டாக்டரைக் கேளுங்கள். ஆய்வகத்தில் எந்த முறை என்றும் கேளுங்கள். மனித ஹீமோகுளோபினை மட்டும் பிடிக்கும் நோயெதிர்ப்பு முறை, அதாவது ஃபிட் என்றால் இந்தத் தொல்லையே இல்லை.

இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பாகும், பயப்பட வேண்டாம். தார் மாதிரிப் பிசுபிசுத்து, துர்நாற்றத்தோடு, தலைசுற்றலும் இருந்தால் அது வேறு. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சிறுநீர்ப் பட்டைச் சோதனையிலும் அதிக வைட்டமின் சி சர்க்கரையையும் ரத்தத்தையும் மறைக்கும். தங்கைக்கு ஒவ்வொரு முறையும் சிறுநீர் பார்ப்பார்கள். கொய்யா சாப்பிடுவதால் ஒன்றும் ஆகாது, 500 மாத்திரையைத் தொடாமல் இருந்தால் சரி.

மனைவியின் ஃபெரிட்டின் 8 என்பதால் இரும்புக் குறைபாடு உறுதி. நாலு வாரம் கழித்து ஹீமோகுளோபின் பாருங்கள், 1 முதல் 2 கிராம் ஏறியிருக்க வேண்டும். ஃபெரிட்டினை அப்போதே திரும்பப் பார்ப்பது காசுக்குக் கேடு. ஹீமோகுளோபின் சரியானபிறகும் சேமிப்பு நிரம்ப ஏறத்தாழ 3 மாதம் மாத்திரை தொடரும். அதன் முடிவில் பாருங்கள், காய்ச்சல், தொற்று இல்லாத நாளாக. கிருமித் தொற்றில் ஃபெரிட்டின் பொய்யாக உயரும்.

ஃபெரிட்டின் நிரம்பியும் எம்.சி.வி. 71-லேயே நின்றால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறின் கூறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டில் சிவப்பணு எண்ணிக்கை மில்லியனில் இருக்கும், எம்.சி.வி.-யை அதனால் வகுத்து 13-க்குக் கீழே வந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும். இதைச் சொல்லக் காரணம், பரிசோதிக்காமல் "ரத்தம் கம்மி" என்று வருடக்கணக்கில் இரும்பும் வைட்டமின் சி-யும் வாங்கிச் சாப்பிடுகிறவர்களில் இந்த வகையினரும் உண்டு. இரும்பு ஏற்கெனவே போதுமான அளவு இருப்பவருக்கு இந்த இரட்டை மாத்திரை நல்லது செய்யாது.

நெல்லிக்குப்பம்_நண்பன்

மாத்திரையில பழுப்புப் புள்ளி வந்திருந்தா போடலாமா? பேப்பர் பொட்டலத்துல உதிரியா வாங்கினது.

மருந்தாளுநர்_திருப்பாதிரிப்புலியூர்

வேண்டாம், மாற்றி வாங்குங்கள். மேல் பூச்சு வெடித்து ஈரம் போனால் ஃபெரஸ் ஃபெரிக்காக மாறும், புள்ளி அதன் அடையாளம். நம் கடற்கரைக் காற்றில் உதிரி மாத்திரை சீக்கிரம் கெடும். அட்டையோடு வாங்கி, போடும்போது மட்டும் கிழியுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டியதில்லை, அடுப்படி அலமாரியில் மட்டும் வேண்டாம். வைட்டமின் சி மாத்திரையும் ஈரத்தில் பழுப்பேறும்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதைக் கவனியுங்கள். ஆரஞ்சு வாசனை லிம்சியை மிட்டாய் என்று கொடுத்துப் பழக்கி, அதே டப்பாவில் சிவப்புப் பூச்சு போட்ட இரும்பு மாத்திரையையும் வைப்பது ஆபத்து. 10 கிலோ எடைக் குழந்தைக்கு 200 மி.கி. இரும்பே, அதாவது 100 மி.கி. மாத்திரை இரண்டே, விஷமாக ஆரம்பிக்கும். ஆறு போனால் உயிருக்கு ஆபத்து. விழுங்கியது தெரிந்தால் வாந்தி வரும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல், அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். முதல் வாந்தி நின்று குழந்தை சில மணி நேரம் தெளிவாகத் தெரிந்தாலும் வீட்டுக்குத் திரும்ப வேண்டாம், அதன் பிறகுதான் கல்லீரல் பாதிப்பு தெரியவரும்.